ரேடார் டிடெக்டர் கத்தியும் டிக்கெட் ஏன் விழுந்தது?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். வேலைக்குத் தினமும் ஹைவேயில் போய் வருவதால், நண்பர் சொன்னதைக் கேட்டு ஓரளவு நல்ல விலையில் போலீஸ் வேகம் பார்க்கும் ரேடாரை முன்கூட்டியே சொல்லும் ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கி மாட்டினேன். ஊருக்குள் அது கே, கே என்று ஓயாமல் கத்துகிறது, வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் போன மாதம் 65 மைல் சாலையில் 82இல் போனபோது "லேசர்" என்று ஒரே ஒரு தடவைதான் கத்தியது. நான் காலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, பின்னாலேயே போலீஸ் கார் வந்து நிறுத்தி டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள். டிடெக்டர் பழுதா? இன்னும் விலை கூடியதாக வாங்கினால் லேசரை முன்பே பிடிக்குமா? போலீஸ் கருவியையே குழப்பிவிடும் ஜாமர் போட்டுவிடு என்றும் சிலர் சொல்கிறார்கள், போடலாமா? அடுத்த மாதம் குடும்பத்தோடு வர்ஜீனியாவில் ஹெர்ண்டன் வரை காரிலேயே போகிறோம்.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் வர்ஜீனியா என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் பணத்தோடு போய்விடும். அமெரிக்க மாநிலங்களில் சாதாரண கார்களுக்குக்கூட ரேடார் டிடெக்டரை அடியோடு தடை செய்திருப்பது வர்ஜீனியா மட்டும்தான், அதோடு தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. நீங்கள் போகிற வழியில் நியூஜெர்சி, டெலவேர், மேரிலாண்ட் மூன்றிலும் பிரச்சினை இல்லை. பொட்டோமாக் ஆற்றின் பாலத்தைத் தாண்டி வர்ஜீனியாவுக்குள் சக்கரம் பட்டதும் அதே கருவி சட்டவிரோதமாகிவிடும். "நான் லிமிட்டுக்குள்தான் வந்தேன், அது ஆன்கூட ஆகவில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கருவிக்கு மின் இணைப்பு இருக்கக்கூடாது, ஓட்டுபவரோ உடன் வருபவரோ கைநீட்டி எடுக்கிற இடத்திலும் அது இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் உங்களுக்கு விலக்கு. அதனால் ஒயரைப் பிடுங்கி டாஷ்போர்டு அறையில் போட்டுவிட்டேன் என்பது போதாது. 95ஆம் எண் ஹைவேயில் பால்டிமோருக்கு முன்னால் மேரிலாண்ட் ஹவுஸ் என்று ஒரு பெரிய ஓய்விடம் வரும், காபிக்கு எப்படியும் நிறுத்துவீர்கள், அங்கேயே கழற்றி ஒயரோடு டிரங்கில் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். விண்ட்ஷீல்டில் உறிஞ்சுபிடி ஒட்டியிருந்த வட்டத் தழும்பையும் துடைத்துவிடுவது நல்லது, வீண் கேள்வி எதற்கு.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. வர்ஜீனியாவில் லிமிட்டுக்கு மேல் 20 மைல் போனாலும் சரி, லிமிட் எதுவாக இருந்தாலும் 85ஐத் தாண்டினாலும் சரி, அது வெறும் ஸ்பீடிங் டிக்கெட் இல்லை, ரெக்லெஸ் டிரைவிங். அங்கே அது முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது குற்றவியல் வழக்கு, அதிகபட்சமாக 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும் விதிக்கலாம். முதல் தடவை மாட்டியவரை உடனே சிறையில் தள்ளிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எச்1பி வேலை விசாவிலோ கிரீன்கார்டு வரிசையிலோ இருப்பவர்களுக்குக் குற்றவியல் பதிவு என்பது ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். நியூஜெர்சியில் 82இல் போய் டிக்கெட் வாங்கியவர் அதே காலோடு வர்ஜீனியாவின் 70 மைல் சாலைகளில் 86ஐத் தொடுவதற்கு அதிக நேரம் ஆகாது. தயவுசெய்து குரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

சரி, இப்போது கருவிக்கு வருவோம். உங்கள் டிடெக்டர் பழுதில்லை. அது என்ன செய்யப் பிறந்ததோ அதைத்தான் செய்திருக்கிறது. நான் மைக்ரோவேவ் ரிசீவர் வடிவமைப்பிலேயே காலம் தள்ளுகிறவன், கடையில் இந்தப் பொருளை விற்பவர்கள் இதை ஒரு கவசம் மாதிரிப் பேசி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இது வெறும் காது. யாராவது அலையை அனுப்பினால், அந்த அலை இதன்மேல் வந்து பட்டால் கேட்கும், இல்லையென்றால் கேட்காது. ரேடாரில் இந்தக் காது பிரமாதமாக வேலை செய்வதற்கும் லேசரில் கைவிடுவதற்கும் காரணம் ஒன்றுதான்: அனுப்புகிற அலை எவ்வளவு சிந்துகிறது என்பது.

ரேடாரை முதலில் பாருங்கள். போலீஸ் கையிலுள்ள ரேடார் கருவி ஒரே அலைவரிசையில் மைக்ரோவேவை விடாமல் அனுப்புகிறது. அது ஓடும் கார்மேல் பட்டுத் திரும்பும்போது டாப்ளர் விளைவால் அலைவரிசை கொஞ்சம் மாறியிருக்கும். 24.150 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிற கே பேண்ட் (அலைவரிசைப் பட்டைகளில் ஒன்று) ரேடாராக இருந்தால், மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு 72 ஹெர்ட்ஸ் மாற்றம். 60 மைலில் வருகிற கார் சுமார் 4,300 ஹெர்ட்ஸ் மாற்றும், இது நம் காதுக்கே கேட்கிற ஓசை, ரேடாரின் ஸ்பீக்கரில் அதை விசில் மாதிரி ஒலிக்கவும் விடுவார்கள், பழகிய போலீஸ்காரர் சுருதியைக் கேட்டே இந்தக் கார் வேகமாக வருகிறது என்று கண்டுகொள்வார். அந்த ரேடாரின் கதிர் பத்துப் பன்னிரண்டு டிகிரி அகலத்துக்கு விரிந்துகொண்டே போகும். ஆயிரம் அடி தூரத்தில் அது சுமார் 200 அடி அகலம், அதாவது சாலை முழுவதும், மரம், பலகை, லாரி எல்லாவற்றின் மேலும் பட்டுச் சிதறும்.

இங்கேதான் டிடெக்டருக்கு ஆதாயம். மலையடிவாரத்தில் நின்று ஒருவர் பாறையைப் பார்த்துக் கத்தி எதிரொலியைக் கேட்கப் பார்க்கிறார் என்று வையுங்கள், எதிரொலி அவருக்கே கேட்காத அளவு தூரத்துப் பாறையில் நிற்பவருக்கும் அவருடைய சத்தம் நேராகக் கேட்டுவிடும். ரேடாரிலும் அதே கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் டிடெக்டருக்கு வருகிற அலையின் வலு நாலில் ஒரு பங்காகும், ஆனால் போய்த் திரும்ப வேண்டிய போலீஸ் ரேடாருக்கு வருகிற எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் அவர் உங்களை அளப்பதற்கு வெகுமுன்பே, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே, சில சமயம் ஒரு மைலுக்கும் மேலான தூரத்திலிருந்தே டிடெக்டர் முனகத் தொடங்குகிறது. நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். இந்தப் படிப்படியான ஏற்றம்தான் நீங்கள் காதில் பழக்கிக்கொள்ள வேண்டியது.

போலீஸுக்கும் இது தெரியாமல் இல்லை. ரேடாரை அணைத்தே வைத்திருந்து, பார்வைக்கு வேகமாகத் தெரிகிற கார் கிட்டே வந்ததும் ஒரு நொடி மட்டும் ஆன் செய்து அளந்துவிடுவார்கள். இதற்கு இன்ஸ்டன்ட் ஆன் என்று பெயர். அப்போது டிடெக்டர் முனகாது, எடுத்த எடுப்பில் உச்ச சத்தத்தில் அலறும், அதற்குள் அளவு எடுத்தாகிவிட்டது. உங்களுக்கு முன்னால் அரை மைலில் போகிற வேறு யாரையாவது அப்படி அளந்தால் மட்டுமே உங்களுக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும். சாலையில் தனியாக முதல் ஆளாகப் பறக்கிறவருக்கு எந்த டிடெக்டரும் உதவாது, அது 100 டாலர் கருவியானாலும் 700 டாலர் கருவியானாலும்.

லேசர் வேறு ஜாதி. 904 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளித்துடிப்புகள், கண்ணுக்குத் தெரியாது. டாப்ளரெல்லாம் இல்லை, துடிப்பு போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை மட்டும் பார்க்கிறது. ஒளி ஒரு நானோசெகண்டில் கிட்டத்தட்ட ஒரு அடி போகும், ஆயிரம் அடி தூரத்துக் காருக்குப் போய்வர இரண்டு மைக்ரோசெகண்ட்தான். நொடிக்கு நூற்றுக்கணக்கில் துடிப்புகளை அனுப்பி, ஒவ்வொன்றிலும் தூரம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வேகம் வந்துவிடும். இதெல்லாம் முடிய மூன்றில் ஒரு நொடி, மிஞ்சினால் அரை நொடி. 82 மைலில் வந்த உங்கள் கார் நொடிக்கு 120 அடி போகிறது, மூன்றில் ஒரு நொடியில் 40 அடி. பிரேக்கில் கால் வைக்கிற தூரம்கூட இல்லை.

கதிரின் அகலத்தையும் பாருங்கள். ரேடார் ஆயிரம் அடியில் 200 அடிக்கு விரிந்தது அல்லவா, லேசர் அதே தூரத்தில் வெறும் மூன்று அடி. போலீஸ்காரர் மேம்பாலத்தின் மேலோ சாலையோரத்திலோ நின்று, கருவியின் மேலுள்ள கண்ணாடியில் தெரிகிற சிவப்புப் புள்ளியை உங்கள் காரின் நம்பர் பிளேட்டில் வைக்கிறார், ஏனென்றால் பிளேட் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. பிளேட் இல்லாவிட்டால் ஹெட்லைட். குறி சரியாகப் பிடித்தால் கருவியில் ஒரு சத்தம் வரும், எண் தெரியும், முடிந்தது. உங்கள் டிடெக்டரோ அதற்கு மேலே, விண்ட்ஷீல்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிளேட்டைக் குறிவைத்த ஒளியின் விளிம்பு மேலே தெறித்தால்தான் அதற்குத் தெரியும். ஆக, உங்கள் டிடெக்டர் "லேசர்" என்று கத்தியதே நல்ல கருவி என்பதற்கு அடையாளம், பல நேரம் அதுகூட நடப்பதில்லை. முன்னால் போகிற காரை லேசரால் அளந்தபோது சிதறிய ஒளி உங்கள் கருவியில் பட்டு முன்கூட்டியே எச்சரிக்கை வருவது எப்போதாவது உண்டு, அதை நம்பிப் பணம் போடாதீர்கள். இன்னும் விலை கூடியதை வாங்கினால் லேசரில் மாற்றம் வராது, ரேடாரில் தூரமும் தெளிவும் கூடலாம், அவ்வளவுதான்.

லேசர் என்று கேட்டதும் பிரேக்கை ஓங்கி மிதிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள். அளவு முடிந்துவிட்டது, இனி மிதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, பின்னால் வருகிற லாரிக்காரருக்குத்தான் ஆபத்து.

இப்போது ஊருக்குள் ஓயாமல் கத்துகிற கே. பொதுவாக அமெரிக்காவில் போலீஸ் ரேடார் மூன்று பேண்டுகளில் இருக்கிறது. 10.525 ஜிகாஹெர்ட்ஸ் எக்ஸ் பேண்ட் பழையது, இன்று போலீஸ் அதைப் பயன்படுத்துவது மிக அரிது. 24 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய கே பேண்ட் இன்னும் புழக்கத்தில் உண்டு. அப்புறம் கேஏ, 33.4 முதல் 36 ஜிகாஹெர்ட்ஸ் வரை அகலமானது, ஆனால் நடைமுறையில் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று எண்களை ஒட்டித்தான் பெரும்பாலான போலீஸ் கருவிகள் இருக்கின்றன. 1947இல் கனெக்டிகட்டின் கிளாஸ்டன்பரியில் சாலையோரம் ரேடார் வைத்துப் பார்த்த காலத்தில் அந்தக் காற்றில் வேறு யாரும் இல்லை. 1978இல் சின்சினாட்டியில் எஸ்கார்ட் டிடெக்டர் வந்தபோதும் கிட்டத்தட்ட அப்படித்தான், கத்தினால் பெரும்பாலும் போலீஸ். இன்று கே பேண்டில் சந்தைக்கூட்டம். சூப்பர்மார்க்கெட் வாசலில் தானாகத் திறக்கிற கதவுக்கு மேலே கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும் பாருங்கள், அதுவும் ஒரு டாப்ளர் ரேடார்தான், 24 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியோ, பழையதாக இருந்தால் எக்ஸிலோ, கடை திறந்திருக்கிற நேரமெல்லாம் தெருவை நோக்கி அலையை விட்டுக்கொண்டே இருக்கும். அதைவிடத் தொல்லை உங்கள் பக்கத்து லேனில் வருகிற கார். பிளைண்ட் ஸ்பாட் (ஓட்டுபவர் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் தெரியாத பகுதி) எச்சரிக்கைக்காகப் பின் பம்பருக்குள் வைத்திருக்கும் ரேடார் பல மாடல்களில் இதே 24 ஜிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. புதிய கார்கள் 77 ஜிகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிட்டன, டிடெக்டருக்கு அது கேட்காது, ஆனால் பழையவை சாலையில் இன்னும் பல வருடம் ஓடும்.

நல்ல டிடெக்டர் இதைப் பிரிக்கப் பார்க்கும். போலீஸ் ரேடார் ஒரே அலைவரிசையில் அசையாமல் நிற்கும், கார் ரேடார் பெரும்பாலும் அலைவரிசையைச் சட்சட்டென்று மாற்றிக்கொண்டே போகும், அந்த ஆட்டத்தைக் கண்டு ஒதுக்குவதுதான் மெனுவில் இருக்கிற பிளைண்ட் ஸ்பாட் ஃபில்டர். அதை ஆன் செய்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து சாஃப்ட்வேரையும் புதுப்பித்துவிடுங்கள், பாதித் தொல்லை போய்விடும். ஜிபிஎஸ் உள்ள மாடலாக இருந்தால், தினமும் அதே கடைக்கு முன்னால் கத்துவதை நினைவில் வைத்து வாயை மூடிக்கொள்ளும், சிலவற்றில் நீங்களே பொத்தானை அழுத்திச் சொல்லலாம். எக்ஸ் பேண்டை அணைத்துவிடலாம், நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். கேயை ஊருக்குள் அணைத்து ஹைவேயில் ஆன் செய்யலாம், முற்றிலும் அணைக்க வேண்டாம். அலைவரிசை எண்ணைத் திரையில் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். கேஏ 34.7 என்று வந்தால் கடைக்கதவு என்று நினைக்க வேண்டாம், கேள்வி கேட்காமல் காலை எடுங்கள்.

மாட்டுகிற இடமும் முக்கியம். வைப்பர் மறைக்காமல், மேலே கறுப்பு நிறப் பட்டை உள்ள பகுதிக்குக் கீழே, நேராகச் சாலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த விண்ட்ஷீல்டு சில கார்களில் வருகிறது, அதற்குள் வைத்தால் பாதி செவிடுதான்.

வர்ஜீனியாவில் மறைத்து வைத்து ஓட்டினால் தெரியவா போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் பதில். டிடெக்டருக்குள் வருகிற அலையை அப்படியே கையாள முடியாது, அதனால் உள்ளேயே ஒரு ஆஸிலேட்டர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலந்து, குறைந்த அலைவரிசைக்கு இறக்கிப் பார்க்கும். அந்த ஆஸிலேட்டரின் அலை ஆன்டெனா வழியாகக் கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவைப் பிடிக்கவே விஜி2, ஸ்பெக்டர் என்ற கருவிகளைப் போலீஸுக்காகச் செய்தார்கள். கசிவைக் குறைத்துவிட்டோம் என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன, அது உண்மையாகவே இருந்தாலும் கண்ணாடியில் தெரியும் சிவப்பு விளக்கைப் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை.

ஜாமர் வேண்டாம். ரேடார் ஜாமர் நாடு முழுவதும் மத்திய அரசு சட்டப்படி குற்றம், வேண்டுமென்றே வானொலி அலையில் குறுக்கிடுவது சாதாரண விஷயமில்லை. லேசர் ஜாமர் அந்தச் சட்டத்தில் வராது, ஆனால் கலிஃபோர்னியா, டெக்சாஸ், வர்ஜீனியா உட்படப் பல மாநிலங்கள் தனியாகத் தடை செய்திருக்கின்றன. தவிர, லேசரைக் காட்டியும் எண் வரவில்லை என்றால் போலீஸ்காரருக்கு ஏன் என்று தெரியாதா? குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்த வம்பு எதற்கு.

லேசருக்கு முன் உண்மையாக உதவுவது மனிதர்கள்தான். வேஸ் என்ற வழிகாட்டி ஆப்பிலோ கூகுள் மேப்ஸிலோ உங்களுக்கு முன்னால் போனவர் போலீஸ் என்று குறித்துவிட்டுப் போயிருந்தால் லேசரோ ரேடாரோ பின்னாலேயே வந்து வேகம் பார்ப்பவரோ, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும், வர்ஜீனியாவிலும் பயன்படுத்தலாம். விமானத்திலிருந்து, சாலையில் வரைந்த கோடுகளுக்கு நடுவே எடுக்கிற நேரத்தை வைத்து வேகம் பார்க்கும் முறையும் இருக்கிறது. அதில் எந்த அலையும் உங்கள் பக்கம் வராது, டிடெக்டருக்கு வேலையே இல்லை.

டிக்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பணத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் ஆன்லைனில் கட்டிவிடாதீர்கள். 65இல் 82 என்றால் 17 மைல் கூடுதல், நியூஜெர்சியில் 15 முதல் 29 மைல் வரை அதிகமென்றால் உங்கள் லைசென்ஸில் 4 பாயிண்ட் (தவறுகளுக்கு ஏறுகிற புள்ளி), பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகி நாலும் ஏறிவிடும், இன்ஷூரன்ஸும் கூடும். நீதிமன்றத் தேதிக்கு முன்னால் குற்றமில்லை என்று பதிவு செய்து, அன்றைக்கு அந்த லேசர் கருவியைச் சோதித்த பதிவும், இயக்கிய போலீஸ்காரரின் பயிற்சிச் சான்றும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பதிவுகள் சரியாக இருந்தாலும் பிராசிக்யூட்டரிடம் (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) பேசலாம். உங்கள் பழைய ரெக்கார்டு சுத்தமாக இருந்தால், பாதுகாப்பற்ற ஓட்டுதல் என்ற பிரிவுக்கு மாற்றிக்கொள்ளப் பல நேரம் சம்மதிப்பார்கள். அதற்கு முதல் இரண்டு தடவை பாயிண்ட் கிடையாது, ஆனால் அபராதத்துக்கு மேல் 250 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு.